பழைய வேனும் பன்னிரண்டு வோல்ற்றும்

எங்கள் வேனுக்கு என்னைவிட வயது அதிகம். ஜப்பானில் யாரோ ஒருவரிடம் ஓடி முடித்து, கப்பலேறி இலங்கைக்கு வந்து, இங்கும் மூன்று கைகள் மாறி வாப்பாவிடம் வந்து சேர்ந்த டொயோட்டா ஹைஏஸ் அது. அதன் உருண்ட மூக்கைப் பார்த்து நம் நாட்டவர் 'டொல்பின்' என்று பெயர் வைத்த வகை. பாடசாலை நாட்களில் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுபோகும். விடுமுறை வந்தால் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி என்று பயணம் போகிறவர்களை ஏற்றும். எங்கள் வீட்டு அரிசியும் என் பயிற்சிக் கொப்பிகளும் அந்த வேனிலிருந்துதான் வருகின்றன.

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களையே தட்டிக்கொட்டி ஓட்டியவர்கள் எங்கள் வாப்பாவைப் போல எத்தனையோ பேர். இஞ்சின் பழுதானால் பார்க்க ஆளுண்டு, தகரம் துருப்பிடித்தால் ஒட்ட ஆளுண்டு. வயரிங் பிழைத்தால் மட்டும் கராஜுக்குக் கராஜ் அலைய வேண்டும். ஒருவர் பற்றரியை மாற்றச் சொல்வார், இன்னொருவர் ஒல்டர்நேட்டரை மாற்றச் சொல்வார். காசு போகும், பிழை மட்டும் வேனிலேயே இருக்கும்.

தோழியரே, பாடசாலையில் நாம் எல்லோரும் ஓமின் விதியைப் படித்தோம். அழுத்த வேறுபாடு, மின்னோட்டம், தடை என்று மூன்றையும் முக்கோணத்தில் எழுதிப் பாடமாக்கினோம். உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. அதில் பொறியியல் தொழினுட்பம் படிக்கும் பெண் பிள்ளைகள் குறைவு. அது ஏன் என்பது வேறொரு கட்டுரைக்கான விடயம். பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிட்டதாக நாம் நினைக்கும் அந்தப் பாடம், தினமும் நாம் ஏறிப் போகும் வேனின் தகரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பிள்ளைகளை வேனில் அனுப்பும் பெற்றோருக்கும் இதில் சில விடயங்கள் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத பாதி

பாடப்புத்தகத்தில் வரும் சுற்றில் மின்கலத்தின் இரு முனையிலிருந்தும் இரண்டு கம்பிகள் மின்குமிழுக்குப் போகும். வேனில் அப்படியில்லை. பற்றரியின் நேர் முனையிலிருந்து மட்டுமே கம்பி புறப்பட்டு, பியூஸ், சாவி, ஆளி எல்லாவற்றையும் கடந்து விளக்குக்குப் போகிறது. திரும்பி வரும் பாதை வேனின் இரும்பு உடலேதான். பற்றரியின் மறை முனை தடித்த கம்பியால் உடலோடும் இஞ்சினோடும் பூட்டப்பட்டிருக்கும். கராஜில் இதை 'பொடி எர்த்' என்பார்கள். பாதிக் கம்பி மிச்சம் என்று நினைத்து ஜப்பான்காரரும் மற்றவர்களும் செய்த ஏற்பாடு இது. வண்டி புதிதாக இருக்கும்வரை ஒரு குறையுமில்லை. முப்பது வருடத்தில் அந்த இரும்பு துருப்பிடிக்கும்போதுதான், மின்சாரம் திரும்பி வரும் வழியும் சேர்ந்து துருப்பிடிக்கிறது.

அதிலும் நம் ஊர்க் காலநிலை வயருக்கு ஆகாது. மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவமழை மாதக்கணக்கில் விடாது. மழை விட்டால் பனிமூட்டம். காலையில் வேனின் உட்கூரையில்கூட ஈரம் துளிர்த்திருக்கும். அந்த ஈரம் இணைப்புகளுக்குள் புகுந்து செம்பைக் கறுப்பாகவும் பிறகு பச்சையாகவும் மாற்றுகிறது. தோட்டத்துப் பாதைகளின் குலுக்கலில், தகரத்து ஓட்டைகள் வழியாகப் போகும் கம்பிகளின் மேலுறை தேய்கிறது. ஓட்டையின் விளிம்பில் இருக்க வேண்டிய இறப்பர் வளையம் எப்போதோ விழுந்திருக்கும். பின் கதவைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் அதன் கீல் அருகே கம்பிகள் மடிந்து நிமிர்கின்றன. பல்லாயிரம் தடவை மடிந்த கம்பி உள்ளே அறுந்து, வெளியே முழுதாகத் தெரியும். இத்தனைக்கும் மேல் எலி. கடைசி ஆசனத்தின் கீழே விழும் பிஸ்கட் துகளைத் தேடி வரும் எலி, பிஸ்கட் முடிந்ததும் வயரைக் கடிக்கிறது.

ஆகவே பிழை தேடும்போது நான் வைத்துக்கொள்ளும் முதல் எண்ணம் இதுதான்: பொருள் கெட்டது என்பதைவிட, பொருளுக்குப் போகும் வழியோ திரும்பும் வழியோ கெட்டது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

சிக்னல் போட்டால் பார்க் லைட் மினுங்குகிறது

பழைய வேன்களில் அடிக்கடி காணும் விந்தை இது. இடது பக்கச் சிக்னலைப் போட்டால், சிக்னல் மங்கலாக எரியும். அதோடு சேர்ந்து பின்பக்கச் சிவப்பு விளக்கும் கண் சிமிட்டும். "பேய் புடிச்ச லைட்" என்று தம்பி சொல்வான். ஓமின் விதி தெரிந்தவருக்குப் பேய் வேண்டாம்.

பின்பக்க விளக்குப் பெட்டியில் சிக்னல் குமிழ் 21 வாட், பார்க் குமிழ் 5 வாட், பிரேக் குமிழ் 21 வாட். இவை எல்லாவற்றுக்கும் உடலோடு சேரும் எர்த் கம்பி ஒன்றே. டொயோட்டா வண்டிகளில் அது பெரும்பாலும் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட கம்பி. அந்த ஒரு கம்பியின் ஆணி துருப்பிடித்துவிட்டால், சிக்னல் குமிழின் வழியாக வந்த மின்னோட்டத்துக்கு உடலுக்குப் போக வழியில்லை. வழியில்லாத தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் ஏறுவது போல, அது பார்க் குமிழின் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், பார்க் கம்பியில் ஏறி, மறுபக்கத்திலும் முன்பக்கத்திலும் உள்ள பார்க் குமிழ்களின் வழியாக உடலைச் சென்றடைகிறது. எரியக்கூடாத விளக்குகள் எரிவதன் இரகசியம் அதுதான்.

நிச்சயப்படுத்துவது எளிது. நல்ல கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையை விளக்குப் பெட்டியின் எர்த்தில் தொடுத்து, மறு முனையைப் பற்றரியின் மறை முனையில் பிடியுங்கள். விளக்குகள் ஒழுங்குக்கு வந்தால் குமிழ் வாங்கத் தேவையில்லை. ஆணியைக் கழற்றி, பெயின்றும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் தடவினால் சரி. செலவு ஒரு துண்டு உப்புத்தாள். இதே நோய்க்கு இரண்டு குமிழும் ஒரு பிளாஷரும் மாற்றிப் பணம் வாங்கியவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

எதிர்மாறாக, ஒரு பக்கச் சிக்னல் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு குமிழ் போய்விட்டது என்று பொருள். அங்கே எர்த்தைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

அரை ஓம் செய்யும் அநியாயம்

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் கணக்கும் வரும்.

மழைநாளில் மாலை ஐந்தரைக்கே தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் இடையே மூட்டம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் எங்கள் வேனின் ஹெட்லைட் மெழுகுதிரி போல மஞ்சளாக எரிந்தது. குமிழ் புதியது, பற்றரியும் நல்லது. வாப்பா பல்மானியால் கம்பியின் தொடர்ச்சியைப் பார்த்தார். மீற்றர் 'பீப்' என்றது. கம்பி நல்லது என்று மீற்றர் சொல்லிவிட்டது. ஆனால் வெளிச்சம் வரவில்லை.

55 வாட் குமிழொன்று 12 வோல்ற்றில் எரியும்போது ஏறத்தாழ 4.6 அம்பியர் எடுக்கும். அதன் தடை 2.6 ஓம். அந்தப் பாதையில் எங்கோ ஓர் இணைப்பு பச்சை பிடித்து, அரை ஓம் தடை கூடிவிட்டதென்று வைப்போம். மொத்தத் தடை 3.1 ஓம். மின்னோட்டம் 3.85 அம்பியராகக் குறைகிறது. குமிழுக்குக் கிடைப்பது 10 வோல்ற்று மட்டுமே. வலு 55 வாட்டிலிருந்து 39 வாட்டுக்கு இறங்குகிறது. இழைக் குமிழின் வெளிச்சம் வலுவைவிட வேகமாக விழும். 10 வோல்ற்றில் அது ஏறத்தாழ அரைவாசிதான். இனி அந்த அரை ஓமைப் பாருங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 7 வாட்டுக்கு மேல் வருகிறது. சின்ன விரல் நுனியளவு பிளாஸ்ரிக் இணைப்புக்குள் அவ்வளவு வெப்பம்! அதனால்தான் பழைய வேன்களின் ஹெட்லைட் சொக்கற்றுகள் பழுப்பு நிறத்தில் உருகியிருக்கின்றன.

அப்படியானால் மீற்றர் பொய் சொன்னதா? இல்லை. தொடர்ச்சி பார்க்கும்போது மீற்றர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே அனுப்புகிறது. மலிவான மீற்றரின் சொந்தக் கம்பிகளிலேயே அரை ஓம் அளவு தடை இருக்கும். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த கம்பிக்கும் அது 'பீப்' என்றுதான் சொல்லும். ஒற்றையடிப் பாதையில் ஓர் ஆள் நடந்து போனதை வைத்து, அதில் லொறி போகும் என்று சொல்ல முடியுமா?

சரியான வழி, விளக்கை எரியவிட்டபடியே வோல்ற்றளவைப் பார்ப்பது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனையிலும், மற்றதைக் குமிழுக்குள் நுழையும் கம்பியிலும் வையுங்கள். நல்ல பாதையென்றால் அரை வோல்ற்றுக்கும் குறைவாகக் காட்டும். அதேபோல் குமிழின் எர்த் முனைக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையே பாருங்கள். எந்தப் பக்கத்தில் ஒன்று, இரண்டு வோல்ற்று தெரிகிறதோ, திருடன் அந்தப் பக்கத்தில். பிறகு மீற்றர் முனையை ஒவ்வோர் இணைப்பாக முன்னே நகர்த்திக்கொண்டு போனால், எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் துள்ளுகிறதோ அதுதான் இடம். எங்கள் வேனில் அது ஹெட்லைட் ஆளிக்குள்ளேயே இருந்தது. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் அந்தச் சிறிய ஆளி வழியாகவே போகிறது. ஹட்டனில் எங்களுக்குப் பழக்கமான வயரிங் பாஸ் ஒரு ரிலே போட்டுக்கொடுத்தார். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 85, 86 இரண்டும் சுருளுக்கு. ஆளியிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் அங்கே முடிந்துவிடும். 30இல் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி, 87இலிருந்து விளக்குக்கு. "பெரிய வேலைய பெரிய ஆளுக்கிட்ட குடுக்கோணும் மகள்," என்றார் பாஸ்.

ஸ்டார்ட்டரில் இந்த அநியாயம் இன்னும் பெரிது. டீசல் இஞ்சினைச் சுற்ற 200 அம்பியர் அளவு வேண்டும். அங்கே ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடையே 2 வோல்ற்றைத் தின்றுவிடும். பற்றரி முனையில் பூக்கும் அந்த வெள்ளைப் பொடி போதும், வேனை நிறுத்திவைக்க. அப்பச்சோடா கலந்த சுடுநீர் ஊற்றிக் கழுவி, காய்ந்தபின் சுரண்டிப் பூட்டி, வாஸ்லின் தடவுவது எங்கள் வீட்டில் மாதமொருமுறை நடக்கும் வேலை.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். வீட்டில் 230 வோல்ற்று மின்சாரத்தில் இப்படிப் பச்சை பிடித்த இணைப்பு இருந்தால் ஏன் நமக்குத் தெரிவதில்லை? அதே 55 வாட்டுக்கு வீட்டில் 0.24 அம்பியர் போதும். அரை ஓமில் இழக்கப்படுவது 0.12 வோல்ற்று, கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் குறையக் குறைய, அதே வலுவுக்கு மின்னோட்டம் கூட வேண்டியிருக்கிறது. இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் நம் மலைநாட்டு நீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாமென்று 1918இல் கட்டுரை படித்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். அங்கிருந்து தேயிலை மலைகளைத் தாண்டிப் போகும் கம்பிகளில் அழுத்தத்தை ஆயிரக்கணக்கில் உயர்த்தி அனுப்புவதற்குக் காரணமும் எங்கள் ஹெட்லைட் மங்கியதற்குக் காரணமும் ஒரே சமன்பாடுதான்.

திங்கட்கிழமை நோய்

கடந்த ஆண்டு எங்கள் வேனுக்கு ஒரு விசித்திர நோய் வந்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பியதும் பிடிக்கும். திங்கட்கிழமை மட்டும் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். அந்தக் காலைகளில் அயல்வீட்டு ஆட்கள் தள்ளி, இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்து போனால், முதல் தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக் கூட்டத்தைத் தவறவிடுவார்கள். இரண்டு பெற்றோர் வேறு வேன் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு கராஜில் பற்றரி செத்துவிட்டது என்றார்கள். நாலைந்து பிள்ளைகளின் மாதக் கட்டணத்தைக் கொடுத்துப் புதுப் பற்றரி வாங்கினோம். இரண்டு திங்கள் நல்லபடியாகப் போனது. மூன்றாவது திங்கள் மறுபடியும் 'டிக்'.

எந்த நாளில் வருகிறது என்பதே பிழையின் கையெழுத்து. வெள்ளி பிற்பகல் 2 மணிக்கு நிறுத்திய வேன் திங்கள் காலை 5 மணிவரை 63 மணித்தியாலம் சும்மா நிற்கிறது. மற்ற நாட்களில் 15 மணித்தியாலம்தான். நிறுத்திய வேனில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நானும் வாப்பாவும் உட்கார்ந்தோம். சாவியை எடுத்து, எல்லாக் கதவுகளையும் மூடி, பற்றரியின் மறை முனைக் கம்பியைக் கழற்றினோம். பல்மானியை 10 அம்பியர் அளவுக்கு மாற்றி, கழற்றிய கம்பிக்கும் பற்றரி முனைக்கும் இடையில் தொடராக இணைத்தோம். இப்படி இணைத்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீற்றர் எரிந்துபோகும். சும்மா நிற்கும் பழைய வேனில் மணிக்கூடு, ரேடியோ நினைவகம் என்று 0.05 அம்பியருக்குள் இருப்பது இயல்பு. எங்கள் மீற்றர் 0.62 காட்டியது.

63 மணித்தியாலத்தை 0.6ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 38 அம்பியர்-மணி. எங்கள் பற்றரி 65. பாதிக்கு மேல் போய்விட்டது. குளிர் காலையில் பற்றரியே சோம்பல். அதற்கு மேல் நான்கு ஹீட்டர் பிளக்குகள், ஒவ்வொன்றும் பத்து அம்பியர் அளவு கேட்கும். வாரநாள் இரவில் போவது 9 அம்பியர்-மணிதான். காலை ஓட்டத்தில் அது நிரம்பிவிடும். கணக்கு ஒவ்வொரு நாளுக்கும் பொருந்தியது.

பிறகு பியூஸ்களை ஒன்றொன்றாகக் கழற்றினோம். எதைக் கழற்றும்போது 0.62 விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் குடிகாரன். "மகள், டோர்ச்ச இங்கால புடிங்க" என்று வாப்பா கழற்ற, நான் மீற்றரை வாசித்தேன். எல்லா பியூசும் வெளியே வந்துவிட்டன. மீற்றர் 0.62லிருந்து 0.59க்கு மட்டுமே இறங்கியது.

அப்படியானால் அந்த மின்சாரம் பியூஸ் பெட்டிக்கே வராமல் போகிறது. அதற்கு இரண்டு இடங்கள்தான். ஒன்று, ஒல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோட்டுகள் கசிவது. மற்றது, பற்றரி முனையில் யாரோ நேரடியாகச் சொருகிய கம்பி. நேர் முனையைப் பார்த்தோம். தொழிற்சாலையில் போட்டதல்லாத சிவப்புக் கம்பி ஒன்று அங்கே திருகப்பட்டிருந்தது. கழற்றியதும் 0.59 பூச்சியமானது.

கம்பியைப் பின்தொடர்ந்தோம். தரை விரிப்பின் கீழே, தகரத்தில் துளைத்த ஓட்டையொன்றின் வழியாக, நடு ஆசனங்களைத் தாண்டி, கடைசி ஆசனத்தின் கீழே ஓர் அம்ப்ளிபயரில் போய் முடிந்தது. முன்பிருந்த உரிமையாளர் காலத்தில் வேன் சுற்றுலா போனபோது பூட்டியது. டீவியைக் கழற்றியவர்கள் அம்ப்ளிபயரை மறந்துவிட்டார்கள். அது இத்தனை நாளும் பாட்டுக்காக விழித்தே காத்திருந்திருக்கிறது. எங்களைப் பயமுறுத்தியது அதுவல்ல. ஓட்டையின் விளிம்பில் கம்பியின் உறை தேய்ந்து, செம்பு மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியில் எங்கும் பியூஸ் இல்லை. அதற்கு மேலேதான் ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் கால் வைத்து உட்காருகிறார்கள். வாப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கம்பி முழுவதையும் உருவி எடுத்தார்.

பியூஸ் யாருக்காக?

பியூஸ் ரேடியோவைக் காப்பாற்றுகிறது, லைட்டைக் காப்பாற்றுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது கம்பியை. அந்தச் செம்பு இன்னும் சற்றுத் தேய்ந்து தகரத்தைத் தொட்டிருந்தால், பற்றரி பல நூறு அம்பியரை அந்த மெல்லிய கம்பியில் ஊற்றியிருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. கம்பி சில விநாடிகளில் பழுக்கும், விரிப்பும் பஞ்சும் பிடிக்கும். 12 வோல்ற்று கையில் அடிக்காது என்பதால் அதை ஒரு பொருட்டாக எடுக்காதவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

ஆகவே பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதன் அளவைத் தீர்மானிப்பது கம்பியின் தடிப்பு. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 அம்பியர். நீலம் அடிக்கடி எரிகிறதென்று பச்சையைப் போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் சொருகுவதும், காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்பதற்குச் சமம்.

இப்போது நுவரெலியாப் பக்கம் பழைய வேன்களுக்குள் கட்டில் போட்டு, சிறு குளிர்சாதனப் பெட்டி வைத்து, இரவில் தங்கும் வண்டியாக மாற்றுகிறார்கள். வாப்பாவிடமும் ஒருவர் கேட்டார். இப்படிச் செய்கிறவர்கள் உள் விளக்குக்கும் பெட்டிக்கும் இரண்டாவது பற்றரியொன்றைப் பின்னால் வைத்து, இஞ்சின் ஓடும்போது மட்டும் முன் பற்றரியோடு இணையும்படி ரிலே போடுவது நல்லது. இல்லாவிட்டால் திங்கட்கிழமை நோய் தினமும் வரும். கம்பியின் தடிப்பைக் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 5 மீற்றருக்கு 0.034 ஓம். 20 அம்பியர் போனால் 0.7 வோல்ற்று வழியிலேயே போய்விடும். 14.2 வோல்ற்று கொடுத்தால் பின்னால் போய்ச் சேருவது 13.5, பற்றரி ஒருநாளும் வயிறு நிறையாது. 10 சதுர மில்லிமீற்றர் கம்பியென்றால் இழப்பு 0.17தான். இந்தக் கம்பிக்கு இரு முனையிலும் பியூஸ் வேண்டும். இரண்டு பக்கமும் பற்றரி இருப்பதால், நடுவில் எங்கே தேய்ந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரும்.

சிவப்பு விளக்கும் பிரேக்கும்

பெற்றோர் கவனிக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சாவியைப் போட்டதும் பற்றரி வடிவச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும்; இஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் 'நல்ல வேன்' என்று மகிழக்கூடாது. பழைய வகை ஒல்டர்நேட்டர்கள் பல, அந்தக் குமிழின் வழியாக வரும் சிறு மின்னோட்டத்தில்தான் விழிக்கின்றன. ஓடும்போது பற்றரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ற்று இருக்க வேண்டும். இரவு முழுதும் ஓய்ந்த நல்ல பற்றரி 12.6 காட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிவப்பு எரிந்தால், அதை விளக்குப் பிழை என்று தள்ளிவிட வேண்டாம். எங்கள் வகை டீசல் வேன்களில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பியும் ஒல்டர்நேட்டரின் அச்சிலேயே சுழல்கிறது. பெல்ட் அறுந்தால் மின்சாரமும் நிற்கும். சேமித்திருக்கும் வெற்றிடம் தீர்ந்ததும் பிரேக் மிதி கல்லாகிவிடும். நானுஓயா இறக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்பதை இந்த ஊராருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிவப்பு எரிந்தால் சமதரையில் ஓரங்கட்டிப் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாங்களே கை வைத்துப் பார்க்க விரும்பும் தோழியருக்குச் சில வார்த்தைகள். முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். நேர் முனைக்கும் தகரத்துக்கும் இடையில் அகப்பட்ட மோதிரம் விரலைச் சுட்டுவிடும். தலைத்துணியின் நுனியை உள்ளே சொருகுங்கள். சுழலும் பெல்ட் அருகே தொங்கும் எதுவும் ஆபத்து. பற்றரியைக் கழற்றும்போது மறை முனை முதலில், பூட்டும்போது மறை முனை கடைசியில். மறை முனை கழன்றிருந்தால், நேர் முனையில் வைத்த சாவி தகரத்தில் பட்டாலும் ஒன்றும் நடக்காது. மின்னேற்றும் பற்றரியிலிருந்து ஐதரசன் வெளிவரும். அதன் மேலே பொறி பறக்கவிடக் கூடாது. மீற்றர் இல்லாதவர்கள் 5 வாட் குமிழொன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்துச் சோதனை விளக்கு செய்துகொள்ளலாம். பல இடங்களில் அது மலிவு மீற்றரைவிட உண்மை பேசும், ஏனென்றால் அது மின்னோட்டத்தைக் குடித்துப் பார்த்தே பதில் சொல்கிறது.

எங்கள் வேனில் இன்னும் ஒரு பிழை மிச்சமிருக்கிறது. ஈரமான காலைகளில் இடது பக்கம் முழுதாகத் திருப்பினால் ஹோர்ன் தானாக அடிக்கிறது. ஹோர்னின் பொத்தான் நேர் பக்கத்தில் இல்லை. ரிலேக்கு எர்த் கொடுப்பதே அதன் வேலை. ஆகவே ஸ்டியரிங்கின் உள்ளே போகும் அந்தக் கம்பியின் உறை எங்கோ தேய்ந்து, திரும்பும்போது இரும்பைத் தொடுகிறது என்று நினைக்கிறேன். ஸ்டியரிங் மேல்மூடியைக் கழற்றி, பொத்தானின் கம்பியைப் பிரித்துவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் அடித்தால் தேய்வு கீழே, அடிக்காவிட்டால் பொத்தானில். டிசம்பர் விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். அதுவரை வளைவில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் எங்களை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.